மர்டரர் ஐயா எழுதிய புகார்

மர்டரர் ஐயாவைப் போல ஓர் ஆளை இந்த ஜில்லா பெற்றதில்லை. இனிப் பெறப்போவதும் இல்லை. மறுக்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டு ராசிபலன் படிக்கலாம்.

எழுபதுகளில் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் அவர் மனு எழுதுவார். பக்கத்தில் நான் டைப் அடிப்பேன். மூட்டைப்பூச்சியைக்கூட நசுக்காமல் எடுத்து வெளியே விடுகிற மனிதர். பேனாவைத் திறந்தால் மட்டும் ரத்த ஆறு. சாக்கடை அள்ளாத பஞ்சாயத்துத் தலைவர் 'கில்லர்'. வேலியை நகர்த்திய பங்காளி 'கோல்டு பிளடட் மர்டரர்'. பெரிய தலைவர்களைச் சுட்டவனுக்கென்று உள்ள 'அசாசின்' என்ற சொல்லை, கோழியைத் திருடிய எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்தார்.

"இன்னாத்துக்கு அண்ணாத்த இவ்ளோ?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கொலகாரன்னு தமிழ்ல எய்தினா பியூன்கூட திரும்ப மாட்டான்டா. மர்டரர்னு எய்து, ஆபீசரே எந்திரிச்சு நிப்பான்."

எழுந்து நின்றார்கள். அதுதான் வினை.

கோவளத்துத் தோப்புக்காரர் ஒருவர் அழுதுகொண்டு வந்தார். அவருடைய கிடா ராஜா, மணலில் காய்ந்த வலையை மென்றிருக்கிறது. மீனவன் துடுப்பை வீசினான், கிடா செத்தது. ஐயா போலீசுக்கு இரண்டு பக்கம் புகார் எழுதினார். கொன்றவனை வர்ணிக்கவே தாள் போதவில்லை. செத்தது ஆடு என்று எழுத இடமில்லை. 'என் அருமை ராஜாவைக் கொன்ற மெர்சிலெஸ் அசாசின்' என்று முடித்தார். நானும் அப்படியே அடித்துத் தொலைத்தேன்.

மறுநாள் மீனவன் பெண்டாட்டி அஞ்சலை ஓடிவந்தாள்.

"யோவ், பொணத்த எங்க பொதைச்சன்னு கேட்டு எம் புருசன அடிச்சுகினு கீறாங்க! அந்தக் கிடாவ நேத்தே அறுத்து ஊருக்குக் கூறு போட்டாரு தோப்புக்காரரு. நாளைக்கு ஜெயிலுக்கு அனுப்பிடுவாங்களாம்!"

ஐயா பேனாவை மூடினார். "கெளம்புடா" என்றார். மூவரும் பஸ் பிடித்தோம்.

ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மதியச் சாப்பாட்டில் இருந்தார். செத்தது ஆடு என்றோம். "நீ எழுதின புகார்தானே? மாத்திப் பேசினா உன்னையும் உள்ள தள்ளுவேன்" என்றார் வாய் நிறைய.

ஐயா மேஜையில் இருந்த கறிச்சாப்பாட்டைப் பார்த்தார். "கேரியர் எந்த வூட்டுது சார்?"

"தோப்புக்காரர் குடுத்தனுப்பினாரு. உனக்கென்ன?"

"நீ முழுங்கிகினு கீறதுதான் ராஜா. போஸ்ட்மார்ட்டத்துக்கு எலும்பையாவது மிச்சம் வையி!"

ஏட்டு சிரித்துவிட்டார். இன்ஸ்பெக்டர் எழுந்து ஐயா கன்னத்தில் ஓங்கி அறைந்தார். மூக்குக்கண்ணாடி எகிறியது. ஐயா நகரவில்லை.

"இன்னொண்ணு அடி. ராத்திரியே கலெக்டருக்கு எய்துவேன். கில்லரா, மர்டரரா? உனக்கு எந்தப் பட்டம் வோணும், சொல்லு."

அரை மணி நேரத்தில் அஞ்சலை தன் புருஷனைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். ஐயா அவன் வீங்கிய கையைப் பார்த்தார். "என்னாலதான்பா" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அவர் உடம்பெல்லாம் உதறியது. டிக்கெட்டைக்கூட விரல்களால் பிடிக்க முடியவில்லை. செங்கல்பட்டு வரும்வரை நான் அந்தக் கையை விடவில்லை.