வீடா, சத்திரமா?

இனிமேல் அந்த ஒரு வார்த்தையை என் மனைவி சொல்லக் கூடாது. சொல்ல விட மாட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பல் தேய்க்கும்போதே முடிவெடுத்துவிட்டேன்.

"வர்றீங்க, சாப்பிடறீங்க, தூங்கறீங்க, போறீங்க. இது என்ன வீடா, சத்திரமா?"

கல்யாணமான பதினாறு வருஷமாக இதே கேள்வி. தட்டை அப்படியே போட்டுவிட்டு எழுந்தால் சத்திரம். போர்வையை மடிக்காவிட்டால் சத்திரம். நான் ஓவியன். வாயால் பதில் சொல்வது என் தொழில் இல்லை. சொல்லி ஜெயித்ததும் இல்லை.

"நிஜ சத்திரம் எப்படி இருக்கும்னு வரைஞ்சே காட்டறேன். கூடத்துல மாட்டி வைக்கிறேன். அதையும் நம்ம வீட்டையும் பாத்துட்டு அப்புறம் பேசு" என்றேன்.

"வரையத் தெரிஞ்சா போதுமா? ஒரு வரைமுறை வேண்டாமா?" என்றாள். நான் காதில் வாங்கவில்லை.

கடைத்தெருக் கோடியில் இருநூறு வருஷத்துச் சத்திரம் ஒன்று இருக்கிறது. இன்னும் ஆட்கள் தங்குகிறார்கள். எதிரே சைக்கிள் கடை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். நாலு ஞாயிற்றுக்கிழமை. மரத்தூணில் ஓடிய விரிசல், ஒரு கீல் போய்த் தொங்கும் மாடி ஜன்னல், கைப்பிடிச் சுவரில் காயும் யாருடையதோ துண்டு, ஒன்றையும் விடவில்லை.

சத்திரத்து மேனேஜர் வந்து எட்டிப் பார்த்தார். தூணில் அறைந்திருந்த தகர போர்டு அழகைக் கெடுக்கிறதாம். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

"இருக்கறதை மறைக்கிறவன் ஓவியனே இல்லை, சார்."

அந்த போர்டுக்கே ஒரு முழு ஞாயிறு போனது. பென்சிலைக் கூராகச் சீவி, எழுத்தெழுத்தாக வரைந்தேன். வளைவுகளைப் பார்த்தேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கவில்லை. போர்டுக்குக் கீழே கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. அங்கே கையெழுத்தைப் போட்டேன்.

நேற்று கூடத்தில் மாட்டினேன். மாட்டினேன் என்பதற்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்று அப்போது தோன்றவில்லை.

அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றாள். பதினாறு வருஷத்தில் முதல் பாராட்டு. பிறகு போர்டுக்குப் பக்கத்தில் போய் உரக்கப் படித்தாள்.

"தங்குவோர் கவனத்திற்கு. சாப்பிட்ட தட்டை அவரவரே கழுவ வேண்டும். படுக்கையை அவரவரே மடிக்க வேண்டும். அறையை அவரவரே பெருக்க வேண்டும்."

நிதானமாகக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"நான்தாங்க தப்பாப் பேசிட்டேன். சத்திரம் எவ்வளவு ஒழுங்கா இருக்கு. இனிமே நம்ம வீடு சத்திரமாவே இருக்கட்டும்."

முடியவே முடியாது என்று வாயைத் திறந்தேன். அவள் விரல் கடைசி வரிக்கு இறங்கியது. 'புகார்கள் ஏற்கப்பட மாட்டா.'

"அதுக்குக் கீழ யாரு கையெழுத்து?" என்றாள்.

இப்போதும் அடித்துச் சொல்கிறேன், அந்தப் படத்தில் ஒரு கோடுகூடத் தப்பில்லை. யார் வந்து கேட்டாலும் நிரூபிப்பேன். கொஞ்சம் இருங்கள், கூடத்தைப் பெருக்கிவிட்டு வந்துவிடுகிறேன்.