பெண் பார்க்கப் போன மொட்டை

முன்பின் தெரியாதவர்கள் நம்மிடம் அன்பு காட்டினால் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் அந்த அன்பை ஒரே நாளில் அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளக் கூடாது. நான் வாங்கிக்கொண்டேன். அதில் என் அப்பா செத்தே போனார். (பயப்படாதீர்கள். அப்போது அவர் மலாயாவின் ஈப்போவில் உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டுதான் இருந்தார்.)

அறுபதுகளின் தொடக்கம் அது. நான் மலாயாவில் பிறந்து வளர்ந்தவன். பேசுகிற பாஷை மட்டும்தான் சொந்தம், மற்றபடி இந்தியா எனக்கு அசல் வெளிநாடு. அப்பாவோடு ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தங்கவேலு மாமா, யுத்தம் முடிந்ததும் ஊர் திரும்பி, கொடைக்கானலுக்குக் கொஞ்சம் கீழே செண்பகனூரில் வீடு கட்டிக் குடியேறிவிட்டார். அவர் மகள் மரகதத்தை எனக்குக் கட்டிவைப்பதென்று நண்பர்கள் இருவரும் தீர்மானித்தார்கள். பெண் பார்க்கப் புறப்படும் நேரத்தில் அப்பாவுக்கு முட்டிவலி. அம்மாவுக்கோ கப்பல் என்றாலே தலைசுற்றல். ஆகவே நான் தனியாகக் கிளம்பினேன்.

தனியாக என்றும் சொல்ல முடியாது. என் தலைமுடி துணைக்கு வந்தது. நெற்றிக்கு மேலே ஒரு சுருள், கோடு கிழித்த மாதிரி ஒரு மீசை. அந்தச் சுருளை நிறுத்தி வைக்கப் பட்ட பாட்டில் பாதியைப் படிப்பில் பட்டிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன். மரகதத்துக்கு அனுப்பிய போட்டோவிலும் முகத்தைவிடச் சுருள்தான் தெளிவாக விழுந்திருந்தது. அவள் சம்மதித்தால் அந்தச் சுருளுக்காகத்தான் சம்மதிப்பாள் என்று மனதார நம்பினேன்.

“போற வழியில பழனியில முடி குடுத்துட்டுப் போ” என்று அம்மா சொல்லியிருந்தார். அதற்கு நான் அசரவில்லை. எங்கள் ஊர்க் கோயிலில் அம்மாவும் சித்தியும் ‘பூமுடி’ கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். நுனியில் விரலளவு கத்தரித்தால் போதும், வேண்டுதல் முடிந்தது. (அந்தச் சலுகை பெண்களுக்கு மட்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.) பழனியில் முடியெடுக்கும் கொட்டகையில் உட்கார்ந்து, நாவிதரிடம் விரலைக் காட்டி, “இவ்வளவு போதுங்க” என்றேன்.

“எந்த ஊருங்க?”

“மலாயா.”

“கடல் தாண்டி வந்துருக்கீங்க! வந்தும் வந்தீங்க, அரைகுறையாக் குடுத்துட்டுப் போனா முருகன் என்ன நெனப்பாரு?” என்று உருகிப்போய்த் தலையில் தண்ணீரைத் தெளித்தார். நடு மண்டையில் ஒரே இழுப்பு. “ஐயோ!” என்று நான் கத்தியபோது சுருள் என் மடியில் கிடந்தது. பிறகு என்ன, பாதியில் நிறுத்தவா முடியும்? எல்லாம் முடிந்ததும் மனிதர் என் முகத்தைப் பரிவோடு பார்த்தார். “தூரத்துல இருந்து வந்த பிள்ளை, என்னால ஆனது” என்று நான் வாயைத் திறப்பதற்குள் மீசையையும் வழித்துவிட்டார்.

கண்ணாடியில் பார்த்தேன். அழுகை வந்தது. ஆனாலும் மொட்டையில் சந்தனம் பூசியாயிற்று. சந்தன மொட்டையைப் பார்த்தால் பழனிக்குப் போய் வந்தவன் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் பஸ் ஏறினேன்.

வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை வளைய ஆரம்பித்ததும் என் வயிறும் கூடவே வளைந்தது. பெண் பார்க்கவென்று தைத்த சட்டையும் கால்சட்டையும் பாழாயின. பக்கத்து இருக்கையில் பண்ணைக்காட்டுத் தம்பதி ஒன்று உட்கார்ந்திருந்தது. அந்த அம்மாள் முகம் சுளிக்கவில்லை. பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து, “இதை மோந்துக்கிட்டே வாங்க தம்பி, அடங்கிப்போகும்” என்றார். பஸ் டீக்கு நின்ற இடத்தில் பெற்ற பிள்ளையைக் கழுவுவதுபோல என்னைக் குழாயடியில் உட்காரவைத்துக் கழுவினார். “சந்தனம் கண்ணுல எறங்குது பாருங்க” என்று மொட்டையையும் பளபளவென்று தேய்த்துவிட்டார்.

அவர் கணவர் ஊர்த் திருவிழாவுக்கென்று வாங்கிய புது வேட்டியையும் துண்டையும் பிரித்தார். “பெட்டியெல்லாம் பஸ்ஸுக்கு மேல கட்டிக் கெடக்கு. ஈரத்தோட மலை ஏறினா காய்ச்ச வந்துரும். வெரசா இதைக் கட்டுங்க.”

கட்டினேன். பண்ணைக்காட்டுப் பிரிவில் அவர்கள் இறங்கி, பஸ் மறையும்வரை கையசைத்தார்கள்.

செண்பகனூரில் கொட்டுகிற மழையில் இறங்கினேன். பெட்டியை இறக்க மறந்துவிட்டேன். அது கொடைக்கானலைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டது. சாலையோரக் கடையில் இருந்த பாய் என்னை உள்ளே இழுத்து உட்காரவைத்துச் சூடாகத் தேநீர் கொடுத்தார். “பஸ் திரும்பி வர்றப்ப பெட்டியை நான் எறக்கி வைக்கிறேன். நீங்க கவலைப்படாதீங்க” என்றார். தங்கவேலு வீடு என்றதும் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கடையைச் சாத்தி, குடையை எடுத்தார். வேறு எதுவும் கேட்கவில்லை. வழிநெடுக என் தோளை அணைத்தபடியே வந்தார்.

“பாத்து வாங்க தம்பி. மனசை மட்டும் தளர விட்டுறாதீங்க.”

வழுக்குப் பாதைக்குத்தான் சொல்கிறார் என்று நினைத்து, “சரிங்க” என்றேன்.

தங்கவேலு மாமா கதவைத் திறந்தார். அவர் கண்ணில் பட்ட காட்சியை இப்போது யோசித்தால் எனக்கே குலை நடுங்குகிறது. நண்பனின் மகன் நிற்கிறான். தலையில் முடி இல்லை, மீசை இல்லை, சந்தனமும் இல்லை. உடம்பில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. கண்கள் சிவந்திருக்கின்றன. பக்கத்தில் ஒருவர் தாங்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார். தகப்பனைப் பறிகொடுத்தவன் வேறு எப்படி இருப்பான்?

“அடேய் சின்னச்சாமி! என்னைய விட்டுட்டுப் போயிட்டியேடா!” என்று மாமா மாரில் அடித்துக்கொண்டு அலறினார். சின்னச்சாமி என் அப்பாவின் பெயர். அலறலில் அது என் காதில் ஏறவில்லை. உள்ளேயிருந்து மாமாவின் அக்கா ஓடிவந்து ஒப்பாரியை எடுத்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். யாரோ கேசரித் தட்டுகளைச் சரசரவென்று உள்ளே கொண்டுபோனார்கள்.

பெண் பார்க்க வந்த வீட்டில் இப்படி அழுகிறார்கள் என்றால் என்ன அர்த்தம்? மரகதம் போய்விட்டாள்! “இப்படி ஆகிப்போச்சே மாமா!” என்று நானும் அவரைக் கட்டிக்கொண்டு கதறினேன். கொஞ்சநஞ்சம் சந்தேகம் இருந்தவர்களுக்கும் அது தீர்ந்தது. பாயும் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்போது உள்வாசலில் ஒரு பெண் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி வந்து நின்றாள். போட்டோவில் பார்த்த அதே முகம். மரகதம்! உயிரோடு! சந்தோஷம் தாங்காமல் வாய்விட்டுச் சிரித்தேன்.

“துக்கம் தலைக்கேறிப்போச்சு, தண்ணி கொண்டாங்கடி!” என்றார் மாமாவின் அக்கா.

மரகதம் மட்டும் என்னை உற்றுப் பார்த்தாள். “உங்க அப்பாவுக்கு என்ன ஆச்சுங்க?”

“அப்பாவுக்கா? முட்டிவலி. மத்தபடி நல்லா இருக்காங்க.”

மாரில் அடிக்க ஓங்கிய மாமாவின் கை அப்படியே நின்றது.

“அப்ப மொட்டை?”

“பழனிக்கு.”

“மீசை?”

“அது அவரா எடுத்துட்டாருங்க.”

“இந்த வேட்டி?”

“பண்ணைக்காட்டுக்காரரோடது.”

முதலில் சிரித்தவர் பாய்தான். படியில் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாமா என்னைக் கட்டிப்பிடித்து, “இருக்கானா! இருக்கானா!” என்று மறுபடி அழுதார். அது வேறு அழுகை.

மாமாவின் அக்கா சிரிக்கவில்லை. “பொண்ணு பாக்க வந்த நேரத்துல வீட்டுல ஒப்பாரி விழுந்துருச்சு தங்கவேலு. இதுக்கு மேல ஒரு சகுனம் வேணுமா? இந்தச் சம்பந்தம் வேண்டாம்.”

அக்கா பேச்சை மாமா தட்டியதே இல்லை. அவர் தரையைப் பார்த்தார். என் அப்பாவை ஒருநாளும் பார்த்திராத அந்தப் பெண் அவருக்காகக் கண் வீங்க அழுதிருந்தாள். இவளை விட்டுவிட்டு நான் எந்த முகத்தோடு கப்பல் ஏறுவேன்?

மரகதமே வாயைத் திறந்தாள். “அழுகையெல்லாம் இன்னைக்கே அழுது தீத்தாச்சு அத்தை. இனிமே சிரிக்கிறதுதான பாக்கி?”

“அந்தத் தலையைப் பாத்தியாடி?”

“முடிதான அத்தை, வளந்துட்டுப் போகுது. கேசரி ஆறுது, எடுத்துட்டு வாங்க.”

கேசரி வந்தது. முதல் தட்டு பாய்க்கு.

மீசை முளைத்த பிறகுதான் முகூர்த்தம் வைத்தார்கள். பாய் எங்கெங்கோ விசாரித்து அந்தப் பண்ணைக்காட்டுத் தம்பதியைக் கண்டுபிடித்தார். அவர்கள் வாழைத்தாரோடு கல்யாணத்துக்கு வந்தார்கள். முட்டிவலியோடு கப்பலேறி வந்த அப்பா, தாலி கட்டுவதற்கு முன்பே நண்பனைப் பிடித்து உட்காரவைத்து, “எங்கே, எப்படி அழுதேன்னு ஒரு தடவை அழுது காட்டு” என்றார். மாமா முயன்றார், சிரிப்புதான் வந்தது. தன் சாவுக்கு நண்பன் எப்படி அழுவான் என்பதை உயிரோடு இருக்கும்போதே தெரிந்துகொண்ட பெருமை கடைசிவரை அப்பாவை விட்டுப் போகவில்லை.

பழனி நாவிதரை மட்டும் பிறகு கண்டுபிடிக்க முடியவில்லை. அவருக்கு நான் சொல்லவேண்டிய நன்றி அப்படியே இருக்கிறது. இவர்களில் ஒருவர் கொஞ்சம் அன்பு குறைந்தவராக இருந்திருந்தால், நான் எல்லாரையும்போலச் சுருளோடு போய்க் கேசரி தின்றிருப்பேன். மரகதம் எட்டிப் பார்த்துவிட்டு, “யோசிச்சுச் சொல்றேன்” என்றிருப்பாள்.

இன்றும் எங்கள் மகன் முடிவெட்டிக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தால், அவள் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு, “உங்கப்பா எப்படிடா இருக்காரு?” என்று கேட்பாள். உள்ளிருந்து நான் உடனே குரல் கொடுக்க வேண்டும். கொஞ்சம் தாமதமானால், “கேசரியை உள்ள எடுத்து வைக்கவா?” என்கிறாள்.