கொரில்லா முன் நிமிரு டீச்சர்

காஞ்சிபுரத்தில் எவருக்கும் எதற்கும் குனியாதவை இரண்டே இரண்டு. ஒன்று, ராஜகோபுரம். இன்னொன்று, எங்கள் வீட்டுக்காரம்மா நிமிரு டீச்சர். கோபுரத்தைப் பற்றிக்கூட எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. டீச்சரைப் பற்றிக் கிடையவே கிடையாது.

பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறடிக்கு ஓர் அங்குலம் கம்மி என்பார். அந்த ஓர் அங்குலம் அடக்கத்துக்காகக் குறைத்துச் சொன்னது. கழுத்தில் எப்போதும் விசில், வாயில் எப்போதும் "நிமிரு!" பால்காரர், போஸ்ட்மேன், யார் கூன் போட்டுக்கொண்டு வந்தாலும் கேட்டிலேயே அந்தச் சொல் விழும்.

"சிலிண்டரைத் தோள்ல வெச்சிக்கினு எப்படிமா நிமுர்றது?" என்று கேஸ்காரர் ஒருநாள் அழாத குறையாகக் கேட்டார்.

"எறக்கி வை. நிமிரு. அப்புறம் தூக்கு" என்றார் டீச்சர். அவரும் அப்படியே செய்தார்.

செல்போனில் எல்லாரும் பாம்பு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலம் அது. செவிலிமேட்டில் டீச்சர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன். வங்கியில் வேலை. உயரம் ஐந்தடியைத் தொடவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் டீச்சருக்குப் பாவமாக இருக்கும்.

சனிக்கிழமைகளில் இருவரும் சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாள் கோயிலுக்குப் போவோம். பெருமாளின் பாதம் பொறித்த சடாரியைப் பட்டர் தலையில் வைக்கும்போது ஊரே வாயைப் பொத்திக்கொண்டு குனியும். டீச்சர் மட்டும் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். பட்டரோ என் உயரம்.

"கொஞ்சம் குனியுங்கோளேம்மா."

"பெருமாளே நின்னுக்கினுதானே இருக்காரு? நானும் நிக்கறேன், பட்டரே."

பட்டர் எம்பி எம்பி வைப்பார். கெண்டைக்கால் வலியைப் பற்றிப் பெருமாளிடமே புகார் சொல்லுவார்.

"ஏன் டீச்சர் இவ்வளவு வீம்பு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

இருபத்திரண்டு வயதில் பெண் பார்க்க வந்தார்களாம். "கொஞ்சம் குனிஞ்சி நட, ஒசரம் தெரியாது" என்று அம்மா கெஞ்சினாராம். இவர் நிமிர்ந்தபடியே காபித் தட்டோடு வந்தாராம். மாப்பிள்ளையின் மாமா கூடத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி, "பொண்ணா இது? கொரில்லா கணக்கா கீது" என்றிருக்கிறார். மாப்பிள்ளை சிரித்திருக்கிறான். அன்றைக்குக் கீழே வைத்த காபித் தட்டை டீச்சர் அப்புறம் யாருக்காகவும் தூக்கவில்லை.

"நாப்பது வருசமாச்சு. அந்தாளு திட்டினானா பாராட்டினானான்னு இன்னும் எனக்குத் தெரியல. நேர்ல பாத்தாத்தானே தெரியும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

என் அக்கா குடும்பம் அப்போது உகாண்டாவில் இருந்தது. லீவுக்கு அங்கே போகப்போகிறேன் என்று வாயைக் கொடுத்தேன். அவ்வளவுதான்.

"உகாண்டாவா? அங்கதான் காட்டு கொரில்லா இருக்குது. நானும் வரேன்."

"டீச்சர், உங்க முழங்கால்?"

"அதுக்குத்தான் ஆபரேஷனுக்கு நாள் பாத்துட்டாங்களே. அப்புறம் மலையேற எவன் விடுவான்? இப்ப பாக்கலைன்னா எப்பவும் இல்ல."

செய்தி கேட்டு, பட்டுக் கடை வைத்திருக்கும் அவர் தம்பி தலைதெறிக்க ஓடி வந்தார்.

"இன்னாக்கா, பைத்தியம் புடிச்சிக்கிச்சா உனக்கு? கொரங்கு பாக்க ஆப்பிரிக்கா போவணுமா? மொட்ட மாடிக்குப் போ, அம்பது கீது!"

"அதுங்க கையேந்துற கொரங்குடா. எவன்கிட்டயும் கையேந்தாததை நான் பாக்கணும்."

"நாலு பேரு இன்னா சொல்லுவாங்க?"

"ஏற்கெனவே சொல்லிட்டாங்க. அதை விசாரிக்கத்தான் போறேன். நீ முதல்ல நிமிரு!"

தம்பி பழக்கதோஷத்தில் நிமிர்ந்தார். நிமிர்ந்த பிறகு அவருக்குச் சண்டை போட வரவில்லை.

உகாண்டாவில் காட்டு வாசலில் டீச்சர் நூல் புடவை, கான்வாஸ் ஷூ, விசில் சகிதம் நின்றார். சத்தம் கூடாது என்று வழிகாட்டி இளைஞர் சொன்னதும் தானே விசிலைக் கழற்றிப் பையில் போட்டார். அவர் கழுத்தை வெறுமையாக நான் பார்த்தது அன்றைக்குத்தான். அடுத்து என் பையைத் திறந்தார்கள். உள்ளே ஒரு சீப்பு வாழைப்பழம்! காஞ்சிபுரத்துக்காரி குரங்கு பார்க்க வெறுங்கையோடு வருவாளா? வழிகாட்டி பதறிப்போனார். இங்கே யாரும் கொரில்லாவுக்கு எதுவும் கொடுப்பதில்லை, அதுவும் யாரிடமும் எதுவும் வாங்குவதில்லை என்றார். நான் வெட்கத்தில் நெளிந்தேன். டீச்சர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

"கேட்டியாடி? நான் தேடிக்கினு இருந்த எடம் இதான்."

காடா அது! சேறும் சறுக்கலுமாக, கொடி காலைப் பின்ன, செடி கையைச் சுருக்கென்று கடிக்க, வானமே தெரியாத பச்சை. பாதி ஏற்றத்தில் டீச்சரின் முழங்கால் மக்கர் செய்தது. நடக்க முடியாதவர்களை நாலு பேர் தூக்கிப்போகும் நாற்காலி ஒன்று உண்டு. வழிகாட்டி அதைக் கொண்டுவரச் சொல்லவா என்றார்.

"பல்லக்கெல்லாம் உற்சவருக்குத்தான். நான் நடக்கறேன்."

பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். வலியில் கண்ணில் தண்ணீர் நின்றது. முதுகு மட்டும் இம்மியும் வளையவில்லை. பின்னால் வந்த நான்தான், திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்து வாயெடுத்து விழுங்கினேன்.

ஒரு புதர் ஓரத்தில் வழிகாட்டி சட்டென்று நின்றார். அது ஓடி வந்தால் குனிந்து உட்காருங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள் என்று கிசுகிசுத்தார். சொல்லி வாய் மூடவில்லை, புதர் பிளந்தது. ஐயோ சாமி! முதுகெல்லாம் வெள்ளி முடி பாய்ந்த ஒரு மலை. மார்பில் படபடவென்று அறைந்துகொண்டு எங்களை நோக்கிப் பாய்ந்தது. எங்களோடு வந்திருந்த வெள்ளைக்காரர்கள் குனிந்தார்கள், நான் மண்ணோடு மண்ணானேன். டீச்சர் நின்றார். வழிகாட்டி அவர் முந்தானையைப் பிடித்து இழுத்தும் நின்றார். பார்வையை மட்டும் தரையில் வைத்திருந்தார்.

கையை நீட்டினால் தொடும் தூரத்தில் அது நின்றது. ஓர் உறுமல். பிறகு போனால் போகிறது என்பது போல எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, ஒரு தண்டை ஒடித்து நிதானமாகத் தோலுரித்துத் தின்றது. நாங்கள் ஒருவரும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

எல்லாரும் மூச்சு விட்டு எழுந்தோம். அப்போதுதான் அது நடந்தது. டீச்சர் வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த அகன்ற முதுகைப் பார்த்து, இடுப்பு வளைய, தலை தாழக் குனிந்தார். சடாரிக்கு ஊரே குனியுமே, அதே குனிவு. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இறங்கும்போது கேட்டேன். "இப்ப சொல்லுங்க டீச்சர், திட்டா பாராட்டா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்னைப் பாராட்டுற அளவுக்கு அந்தாளுக்கு ஏதுடி அறிவு? தெரியாம பாராட்டிட்டான்."

ஊர் திரும்பியதும் என் வாய் சும்மா இருக்குமா? கோயில் வரைக்கும் சேதி போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை சடாரியோடு வந்த பட்டர் ஏக்கமாகக் கேட்டார்.

"அங்க போய்க் குனிஞ்சேளாமே? இங்க மட்டும் ஏம்மா?"

"மிரட்டினப்போ குனியல பட்டரே. அது தன் பாட்டுக்குத் திரும்பி உக்காந்துச்சு பாருங்க, அப்ப குனிஞ்சேன். யாரும் சொல்லல."

பட்டர் சடாரியை உயர்த்திப் பிடித்தார். அப்புறம் எம்பினார். அதற்குப் பிறகு ஒருநாளும் அவர் "குனியுங்கோ" என்று சொல்லவில்லை.

டீச்சர் இப்போது இல்லை. இன்றைக்கும் அந்தக் கோயிலில் சடாரி வரும்போது நான் வாயைப் பொத்திக்கொள்வேன், ஆனால் குனிவதில்லை. என் உயரத்துக்கு நிமிர்ந்தாலும் குனிந்தாலும் பட்டருக்கு ஒன்றுதான். டீச்சருக்கு இரண்டும் ஒன்றில்லை.