எலியண்ணையின் நித்திரை

எலிகளைப் பார்த்துப் பொறாமைப்பட்ட மனிதர் எங்கள் தீவுப்பகுதியில் ஒரேயொருவர்தான். அவர் எலியண்ணை.

வேலணையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாங்கள் ஒரே பஸ்ஸில் போவோம். ஓர் ஆய்வுகூடத்தில் நான் கிளார்க். அவர் வெள்ளெலிகளுக்குத் தீனி போட்டுக் கூடு கழுவுகிறவர். அவருக்கு முட்டு வருத்தம், ஆஸ்துமா. அவர் மூச்சு விடுகிற சத்தத்தைக் கொண்டக்டரின் விசில் என்று நினைத்து டிரைவர் பஸ்ஸை நிறுத்திய நாட்களும் உண்டு.

படுத்தால் மூச்சடைக்கும். அதனால் பல வருடமாகக் கதிரையில் இருந்தபடியேதான் நித்திரை. "தம்பி, எனக்கு வேறையொண்டும் வேண்டாம். ஒருக்கால் மல்லாந்து படுத்து நித்திரை கொண்டால் காணும்" என்பார்.

ஆய்வுகூடத்து டொக்டர் அம்மா எலிகளின் நுரையீரலில் அழற்சி உண்டாக்கி, பாதி எலிகளுக்கு வெறும் தண்ணீரும் மீதிக்கு இனிப்புத் தண்ணீரும் வைத்தார். இனிப்பு, சீனி வருத்தக்காரரின் டொஃபியில் போடுகிற சீனி அல்ககோல். வெறிக்குமா என்று எலியண்ணை முதலிலேயே கேட்டுக்கொண்டார். வெறிக்காது. இனிப்புக் குடித்த எலிகள் சில நாட்களில் கால் நீட்டிப் படுத்து நித்திரை கொண்டன. எலியண்ணையால் அதைத் தாங்க முடியவில்லை.

"டொக்டர், எனக்கும் அந்தத் தண்ணி தாங்கோ."

"ஏலாது அண்ணை. எலிக்குச் சரிவந்தால் மனிசருக்கும் சரிவரும் எண்டில்லை."

"அப்ப என்னையும் எலியெண்டு எழுதுங்கோவன்."

ஏலாது என்றால் விடுகிற ஆளா? கனடாவிலிருந்து தங்கச்சி அனுப்பிய சீனியில்லாத டொஃபிப் பையைத் தேடியெடுத்தார். எலியின் நிறையையும் தன் நிறையையும் வைத்துக் கணக்குப் போட்டு, முழுப் பையையும் ஒரே மூச்சில் தின்றார். அவர் ஒரே மூச்சில் செய்த காரியம் வாழ்க்கையில் அது ஒன்றுதான். கூடத் தின்றால் வயிற்றைக் கலக்கும் என்று பையில் எழுதியிருந்ததை அவர் வாசிக்கவில்லை. பண்ணைப் பாலத்தில் பஸ் போகும்போது கலக்கியது.

"தம்பி, நிப்பாட்டு!" என்று கொண்டக்டரிடம் கத்தினார்.

"எங்கையண்ணை இறங்கப் போறியள்? ரெண்டு பக்கமும் கடல்!"

"கடலெண்டாலும் பரவாயில்லை!"

அதன்பிறகு, "இண்டைக்கு என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று கேட்டுத்தான் கொண்டக்டர் அவரை ஏற்றுவான். முட்டு மட்டும் அப்படியே இருந்தது.

ஆய்வு முடிந்தபோது, எலிகளைக் கொன்று நுரையீரலை வெட்டிப் பார்க்க வேண்டும் என்றார் டொக்டர்.

"சுகம் வந்ததுகளையுமோ?"

"ஓம் அண்ணை. சுகம் வந்ததோ எண்டு வேறை எப்பிடிப் பாக்கிறது?"

கூடுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்து என் மேசையருகே இருந்தார். "உந்தச் சுகத்தைவிட என்ரை முட்டு எவ்வளவோ திறம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எலிகளில் அழற்சி குறைந்ததாம். மனிதரில் இனித்தான் பார்க்க வேண்டுமாம். டொக்டரின் கட்டுரை அப்படித்தான் முடிந்தது. அந்த 'இனித்தான்' என்ற சொல்லைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். போன மாரியில், கதிரையில் இருந்தபடியே எலியண்ணையின் மூச்சு நின்றுவிட்டது.

செத்தவீட்டில் அவரைக் கால் நீட்டி மல்லாந்து படுக்க வைத்திருந்தார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு மூச்சு முட்டியது. அவருடைய மனைவியிடம் போய்ச் சொன்னேன்:

"அக்கா, தலைக்கு இன்னும் ரெண்டு தலையணை வையுங்கோ. அண்ணைக்கு இப்பிடிப் படுக்க ஏலாது."