மன்னர் படத்தில் என்ன இருக்கிறது?

வரைபடத்தை மடித்து மடித்துத் தேய்ந்துபோன கோட்டுக்கு அடியில் சித்திரபுரி என்றொரு நாடு இருந்தது. அந்த நாட்டில் யாரும் கடைக்குப் போவதில்லை. வீட்டுக்கு வீடு ஒரு கண்ணாடிச் சாளரம் உண்டு. எந்தக் கடையை நினைத்தாலும் அது சாளரத்தில் வந்து நிற்கும். வேண்டிய பொருளின் படத்தைத் தொட்டால் மாலைக்குள் பொருள் வாசலுக்கு வந்துவிடும்.

கண் தெரியாதவர்கள் ஆளுக்கொரு மைனா வளர்த்தார்கள். சித்திரபுரி மைனாக்களுக்கு எழுத்துத் தெரியும். சாளரத்தில் எழுதியிருப்பதை ஒன்று விடாமல் வாசித்துச் சொல்லும். படத்தைக் கண்டால் மட்டும் "படம்" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும்.

உமையாள் பொடிக்கடை வைத்திருந்தாள். அவளுடைய சாளரத்தில் பொடி ஜாடிகளின் படங்கள் வரிசையாக இருந்தன. அவற்றுக்கு மேலே, சட்டப்படி, எல்லா ஜாடிகளையும்விடப் பெரிதாக மன்னரின் படம் இருந்தது.

ஒருநாள் மெஸ் நடத்தும் அலமேலு, தோளில் மைனாவோடு நேரிலேயே வந்து நின்றாள். உமையாள் அரைக்கும் பொடியில் பாதி அலமேலுவின் அடுப்புக்குத்தான் போகும்.

"ஏன்டி உமையா, ரசப்பொடி கேட்டா என்னத்தை அனுப்பி வெச்சே?"

"நீங்க தொட்டதைத்தானேக்கா அனுப்பினேன்?"

"நான் என்னத்தைக் கண்டேன்? இது 'படம், படம், படம்'னுது. மூணாவது படம் எப்பவும் ரசப்பொடிதானே? நீ ஜாடியை மாத்தி வெச்சிருக்கே. சீயக்காய் வந்திருக்கு. ரசம் நுரை கட்டி அடுப்பைத் தாண்டி ஓடுது. சாப்பிட வந்தவர் ஒருத்தர், மிச்சத்தைத் தலைக்குத் தேச்சுக்கட்டுமான்னு கேக்குறார்."

உமையாள் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்த பிறகு சாளரத்தைத் திரும்பிப் பார்த்தாள். நிறத்துக்கு நிறம் பொருத்தமாக இருக்கட்டும் என்றுதான் அவள் ஜாடிகளை மாற்றியிருந்தாள். மாற்றும்போது, கண்ணால் பார்க்கப்போகிறவர்கள் எல்லோரையும் நினைத்திருந்தாள். அலமேலு இத்தனை காலமும் எண்ணி எண்ணித்தான் தொட்டிருக்கிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது. இருட்டில் மாடிப்படி இறங்குகிறவள் மாதிரி.

அன்று மதியமே ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வரி எழுதினாள். 'ரசப்பொடி. மிளகு தூக்கல்.' 'பருப்புப்பொடி. பூண்டு உண்டு.' 'சீயக்காய். தலைக்கு மட்டும்.' வேலை காபி ஆறுவதற்குள் முடிந்தது. ஊரில் மைனா வைத்திருந்தவர்கள் எல்லாம் அவள் கடைக்கே வரத் தொடங்கினார்கள்.

செய்தி அரண்மனைக்கு எட்டியிருக்காவிட்டால் கதை இங்கேயே சுபமாக முடிந்திருக்கும்.

"அரசின் உதவி இல்லாமலே ஒரு நன்மை நடந்திருக்கிறது," என்றார் சாளரத்துறை அமைச்சர் தாண்டவராயர், ஆழ்ந்த கவலையோடு. "இது பரவினால் நாம் எதற்கு?"

உடனே 'அனைவருக்கும் சாளரம்' சட்டம் பிறந்தது. எல்லாப் படங்களுக்கும் உண்மையான விளக்கம் எழுதப்பட வேண்டும். தவறினால் சாளரம் அரக்கு வைத்து மூடப்படும். சட்டத்தை வண்ணப் பூவேலையோடு ஒரே படமாகத் தீட்டி நாடெங்கும் வெளியிட்டார்கள். மைனாக்கள் அதைப் பார்த்து "படம்" என்றன.

முதல் சோதனைக்கு அமைச்சர் உமையாளின் கடைக்கே வந்தார்.

"ஜாடிகளுக்கு விளக்கம் இருக்கிறது. மன்னருக்கு எங்கே?"

"என்னங்க ஐயா எழுதணும்?"

"படத்தில் இருப்பதை எழுது. உண்மையை மட்டும். நாளைக்குள் இல்லையென்றால் அரக்கு."

அவர் போன பிறகு உமையாள் படத்தின் முன் உட்கார்ந்தாள். தினமும் துடைத்த படம்தான். சொந்த வீட்டுத் தூணில் இடித்துக்கொள்ளாமல் நடப்பதுபோல, அவள் கண்கள் இத்தனை நாளும் அதைச் சுற்றிக்கொண்டே போயிருக்கின்றன. இப்போது நேராகப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்துவிட்டால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு தெரியாத மாதிரி இருக்க வேண்டும். அது பெரிய வேலை. ஆனாலும் பார்த்தாள், எழுதினாள்: 'மன்னர் ஏழைக்குக் கஞ்சி ஊற்றுகிறார். முகம் ஓவியரைப் பார்க்கிறது. கஞ்சி தட்டுக்கு வெளியே விழுகிறது.'

விடிந்ததும் தெருத்தெருவாக மைனாக்கள் இதை ராகத்தோடு சொல்லிக்கொண்டிருந்தன. தாண்டவராயர் தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி ஓடிவந்தார்.

"என்ன காரியம் செய்தாய்?"

"பொய்யா ஐயா?"

"உண்மைதான்! ஆனால் மரியாதையான உண்மை இல்லை!"

இரண்டாவது ஆணை வந்தது. மன்னர் படத்துக்கான விளக்கத்தை அரசவைப் புலவர்கள் எழுதினார்கள். பட்டப்பெயர்கள் மட்டுமே எட்டுச் சுவடிகள். அதை முழுதாகச் சொல்லி முடிக்காமல் மைனா எந்தப் பொருளின் பெயரையும் சொல்லக்கூடாது. அலமேலு விடியலில் சாளரத்தின் முன் உட்கார்ந்தால், மைனா 'மார்த்தாண்ட, மகாமார்த்தாண்ட' என்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போதே மதியச் சாப்பாட்டுக்காரர்கள் இலை முன் உட்கார்ந்துவிடுவார்கள். மைனாக்களுக்குத் தொண்டை கட்டியது. அரசு மனமிரங்கி, மைனா இல்லாதவர்களுக்கு மைனா நல வரி விதித்தது. கண் தெரிந்தவர்கள் மைனா வைத்து வரி ஏய்க்கிறார்கள் என்று சந்தேகம் வந்ததும், மைனா வைத்திருப்பவர்கள் தங்களுக்குக் கண் தெரியாது என்று நிரூபிக்க வேண்டும் என்றது.

"எப்படிக்கா நிரூபிச்சீங்க?" என்று கேட்டாள் உமையாள்.

"வரிசையா படம் வெச்சு, யானை இருக்குற படத்தைத் தொடுன்னாங்க. சரியாத் தொட்டாத்தான் கண் தெரியாதுன்னு நம்புவாங்களாம்."

"தொட்டீங்களா?"

"தொட்டேன். அது மன்னராம். அபராதம் போட்டுட்டாங்க."

அலமேலுவின் மெஸ்ஸில் ரசம் நின்றுபோனது. உமையாளின் ஜாடிகள் நிறைந்தே கிடந்தன. கடையை மூடிவிடலாமா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். பதிலுக்குப் பதிலாகத் தும்மல்தான் வந்தது, பொடி பழசாகிக்கொண்டிருந்தது.

அப்போது மன்னரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தல் வந்தது. வென்றால் தம் படத்தைச் சாளரம் முழுவதும் விரிப்பதாகவும், கடைகள் அதன் பின்னால் பத்திரமாக இருக்கலாம் என்றும் மன்னர் வாக்குறுதி அளித்தார். உமையாள் விற்காத ஜாடிகளைப் பார்த்தாள். அமைச்சரின் கவலை வேறு. மைனா வைத்திருப்பவர்களின் கோபம் ஓட்டாக மாறிவிடக் கூடாது. சட்டத்தைப் புரட்டிப் புரட்டி ஒரு விலக்கைக் கண்டுபிடித்தார்: தகவல் ஏதும் தராமல் அழகுக்காக மட்டும் இருக்கும் படத்துக்கு விளக்கம் வேண்டாம், மைனா பேசாமல் கடந்துவிடலாம்.

மேளதாளத்தோடு வந்து உமையாளின் கடையிலேயே அறிவித்தார்.

"மாமன்னரின் படம் நாடெங்கும் அலங்காரம் மட்டுமே. அதில் எந்தத் தகவலும் இல்லை என்று அரசு உறுதியளிக்கிறது. மகிழ்ச்சிதானே?"

உமையாள் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டாள். "நிம்மதிங்க ஐயா. இதை நாங்க சொல்லியிருந்தா தப்பாயிருக்கும்."

தேர்தலன்று காலை ரசப்பொடியை எடுத்துக்கொண்டு அவளே அலமேலுவின் மெஸ்ஸுக்குப் போனாள். அலமேலு சாளரத்தின் முன் உட்கார்ந்திருந்தாள். மைனா வாசித்தது: "வாக்குச் சாளரம். உங்கள் விருப்பத்தைத் தொடவும்." பிறகு எதையோ பேசாமல் தாண்டி, "வேறு யாராவது" என்றது. அதோடு நிறுத்திக்கொண்டது.

"அவ்வளவுதானா?" என்றாள் அலமேலு.

"வேறு யாராவது," என்றது மைனா மறுபடியும்.

"இருக்குறதே ஒண்ணுதானா? அப்ப யோசிக்க என்ன இருக்கு." தொட்டுவிட்டு எழுந்தாள்.

உமையாள் குனிந்து பார்த்தாள். மன்னர் படத்துக்குக் கீழே, செருப்புக்கு அடியில், கடுகளவு எழுத்தில் 'வேறு யாராவது' என்று ஒரு வரி இருந்தது. அவள் ஓட்டுப் போடத் தொடங்கிய நாளிலிருந்து இருந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தேர்தலிலும் அவள் விரல் நேராகப் பெரிய படத்துக்கே போயிருக்கிறது, கேட்காமலே. வீட்டுச் சாளரத்தில் போட்டால் இன்றும் அங்கேயே போகும். தன் விரலை அவள் நம்பவில்லை.

"அக்கா, உங்க மைனாவைக் கொஞ்ச நேரம் தர்றீங்களா? நான் இன்னும் ஓட்டுப் போடல."

"உனக்கென்னடி, கண்ணு நல்லாத்தானே தெரியுது?"

"அதனாலதான்க்கா கேக்குறேன்."

சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு இலையை அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவள் பின்னால் வரிசையில் வந்து நின்றார்கள்.