பின்ரூம் குழாய்

பின்ரூமை என் பொண்டாட்டி லவினாகிட்டருந்து புடுங்காம விடறதில்லைன்னு ஈஸ்டர் அன்னைக்கே சபதம் எடுத்தேன். நான் டைட்டஸ். மூடிப் போன தங்கச் சுரங்கத்துப் பக்கம், சாம்பியன் ரீப்ஸ் தொழிலாளர் லைன் வீட்ல உக்காந்து, பெரு நாட்டுக்காரங்களுக்கு லேப்டாப்ல இங்கிலீஷ் சொல்லித் தர்றவன். எனக்குக் காலையில ஆறரைன்னா அவங்களுக்கு ராத்திரி எட்டு. சமையலறையில கிளாஸ் எடுத்தா மிக்ஸி கத்துது. இப்படியே போனா இருக்கற ஆறு ஸ்டூடண்ட்ஸும் ஓடிடுவாங்க. பின்ரூம்லயோ அவ தையல் மெஷின்.

மைன்ஸ் காலத்துக் காத்துக் குழாய் ஒண்ணு கொல்லையிலருந்து சுவரைத் தாண்டி அந்த ரூமுக்குள்ள வந்து மண்ணுக்குள்ள எறங்குது. கீழே பாறை சரிஞ்சு மாட்டிக்கினவங்க அதைத்தான் தட்டுவாங்களாம். மூணு நாள் விடிகாலையில கொல்லைப்பக்கம் ஒளிஞ்சு நின்னு ஸ்பேனரால அஞ்சஞ்சு தட்டு தட்டினேன். அப்புறம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு போயி, கீழேருந்து யாரோ கூப்புடறாங்கன்னேன். அவ ஒடனே மெஷினை முன்ரூமுக்கு இழுத்துக்கினு போயிட்டா. எனக்குத் தலைகால் புரியல.

மறுநாள் பின்ரூம்ல கிளாஸ். பாடம், 'டெட்'. பேட்டரி தீந்தா டெட், போன் லைன் போனா டெட், அலுத்துப் போனா டெட் டயர்ட், சொன்னது அவ்ளோ கரெக்டா இருந்தா டெட் ரைட். ரோசியோன்னு ஒரு பொண்ணு குழம்பிப் போயிட்டா.

"சார், எந்த டெட்தான் நெஜமாவே செத்தது?"

டங். டங். குழாய்லருந்து அஞ்சு தடவை. என் ரெண்டு கையும் கீபோர்டு மேல இருக்கு.

பக்கத்து வீட்டு வெங்கடம்மாவை லவினாதான் ஏவி விட்டிருப்பான்னு கொல்லைக்கு ஓடினேன். அவங்க பங்காருபேட்டைக்குப் போயி ரெண்டு நாளாச்சு, வீடு பூட்டிக் கெடக்குது. கொல்லையில ஈ காக்கா இல்ல. குழாய் மேல கைய வச்சேன். உள்ளேருந்து அதிருது.

ரூமுக்குத் திரும்பி வந்தா, லவினா குழாய்கிட்ட குந்திக்கினு கத்திரிக்கோலால அஞ்சு தட்டு தட்டறா. சத்தம் அடங்கிடுச்சு.

"உனக்குப் பயமா இல்லியா?"

"இன்னாத்துக்குங்க பயம்? எங்கப்பா முப்பது வருசம் சுரங்க ஷாப்ட்ல எறங்கினவரு. தட்டற சத்தம் கேட்டா பதில் தட்டணும். பதில் தட்டினவங்க அந்த எடத்தை விட்டு நகரக் கூடாது. மெஷின் சத்தத்துல உங்களுக்கு இத்தினி வருசமா கேக்கல."

"அப்ப நான் தட்டினது?"

"அது வெளியேருந்து வந்த சத்தம். அதான் பதில் தட்டல. ரூம் வேணும்னு அவ்ளோ பாடுபட்டீங்களே, ஒருநாள் இருந்து பாக்கட்டும்னு குடுத்தேன். நாளைலேருந்து நீங்க பதில் தட்டறீங்களா, நான் தட்டட்டுமா?"

அன்னைக்கே மெஷினை நானே தூக்கிக்கினு வந்து பழைய எடத்துல வச்சேன். கிளாஸ் மறுபடி மிக்ஸிகிட்ட. இப்பல்லாம் அவ கதவைச் சாத்திக்கினுதான் தைக்கறா. கீழேருந்து தட்டறவங்களுக்கு ஒடனே பதில் போவுது. காப்பி கேட்டுக் கதவைத் தட்டறவன் நான், எனக்குத்தான் பதில் வர்றதில்ல.