மூன்றாவது கொட்டேஷன்

உலகப் பொருளாதாரம் பலமுறை சீர்திருத்தப்பட்டிருக்கிறது. டெல்லியில் செய்தார்கள், வாஷிங்டனில் செய்தார்கள் என்றெல்லாம் பேப்பரில் போடுகிறார்கள். ஆனால் 1996ஆம் ஆண்டு ஆவடியில், ஒரு குவார்ட்டர்ஸின் முன்னறையில், ஃபேனுக்கு நேர் கீழே நடந்த மாபெரும் சீர்திருத்தத்தைப் பற்றி எந்தப் பேப்பரும் ஒரு வரி எழுதவில்லை. அந்தக் குறையைப் போக்கவே பேனாவை எடுத்திருக்கிறேன். சீர்திருத்தக் கமிட்டியின் மூன்று உறுப்பினர்களில் அடியேனும் ஒருவன். தன்னடக்கம் கருதி அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கமிட்டியின் தலைவர் கிறிஸ்துராஜ். ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் கொள்முதல் பிரிவு மேற்பார்வையாளர். விதிமுறை என்றால் அவருக்கு உயிர். வீட்டுக்குத் துடைப்பம் வாங்க வேண்டுமென்றாலும் மூன்று கடையில் விலை கேட்பார். மூன்றையும் ஒரு தாளில் எழுதுவார். எது குறைவோ அதைச் சிவப்பு மையால் சுழித்துக் கையெழுத்துப் போட்டு, அப்புறம்தான் வாங்குவார். அந்தத் துடைப்பம் ஒரே வாரத்தில் உதிர்ந்து போகும். போகட்டுமே, ஃபைல் உதிராது பாருங்கள்!

இரண்டாவது உறுப்பினர் உத்தமன். அதே தொழிற்சாலையில் கணக்குப் பிரிவு. பூந்தமல்லியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து வந்துவிடுவார். மூன்றாவது மணவாளன் ஆகிய நான். ஸ்டோர்ஸ். அடுத்த பிளாக்கில்தான் குடியிருப்பு.

சீர்திருத்தத்துக்குக் காரணம் ஒரு கம்ப்யூட்டர். தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வாங்க முன்பணம் கொடுத்தார்கள். கொடுத்தார்கள், ஆகவே கிறிஸ்துராஜ் வாங்கினார். முன்பணம் பற்றவில்லை. எனவே அவருடைய மனைவி ஞானசௌந்தரியின் நான்கு கல்யாண வளையல்கள் பூந்தமல்லியில் ஒரு பேங்கில் அடகுக்குப் போயின. கம்ப்யூட்டர் வந்தது. அதற்குப் பூப்போட்ட உறை தைக்கப்பட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அதன் முன்னால் நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. மூன்று மாதமாக அதில் கிறிஸ்துராஜ் தனியாகச் சீட்டாடித் தோற்றுக்கொண்டிருந்தார்.

"இதை உபயோகத்துக்குக் கொண்டு வரலைன்னா நாளைக்கு ஆடிட்ல கேப்பாங்க," என்றார் ஒரு நாள்.

"வீட்டுக்கு யார் சார் ஆடிட்டு வரப்போறாங்க?" என்றேன்.

"கேப்பாங்க மணவாளன்," என்றார். அவர் முகத்தில் நிஜமாகவே பயம் தெரிந்தது.

அப்படித்தான் 'வீட்டுக் கணக்கு மென்பொருள் தேர்வுக் கமிட்டி' உதயமாயிற்று.

அதுவரை அந்த வீட்டில் கணக்கு எப்படி இருந்தது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் தேதி கிறிஸ்துராஜ் சம்பளக் கவரைப் பிரிக்காமல் கொண்டுவந்து மனைவியிடம் கொடுப்பார். ஞானசௌந்தரி அதில் மாதத்தை ஓட்டுவார். அவ்வளவுதான்! கோப்பு இல்லை, எண் இல்லை, மேலொப்பம் இல்லை. இருபது வருடமாக இந்த அநாகரிகம் நடந்திருக்கிறது. போதாக்குறைக்கு, அந்தக் கவரிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, கிறிஸ்துமஸுக்குள் வளையல்களை மீட்டுவிட வேண்டும் என்று அந்த அம்மையார் 'சதி' வேறு செய்துகொண்டிருந்தார். மென்பொருள் வந்துவிட்டால் கவர் கிறிஸ்துராஜ் கையிலேயே இருக்கும். அம்மையார் வவுச்சர் எழுதிக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

"ஏங்க, கவர் உங்க கையில இருந்தா வளையலை நான் எப்படி மீக்கறது?" என்று கேட்டார்.

"அதுக்கு ஒரு தலைப்பு போட்டுடலாம். இதர செலவுகள்."

"என் கல்யாண வளையல் இதர செலவா?"

"தாற்காலிகமாத்தான்," என்றார் தலைவர். என்ன பெருந்தன்மை!

மென்பொருளை விளக்க அம்பத்தூரிலிருந்து சத்தியராஜ் என்ற இளைஞர் வந்தார். தொழிற்பேட்டைப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவர்.

"அண்ணாத்தே, இது ஃபாரின் சரக்கு. அமெரிக்காவுல ஊட்டுக்கு ஊடு இத்தான் வெச்சிகினு கீறான். நீ செலவை மட்டும் தட்டு. மிச்சத்தை அது பாத்துக்கும்."

தட்டினோம். என்ன ஒரு நாகரிகம்! நாய் வளர்ப்புக்கு ஒரு தலைப்பு இருந்தது. புல்வெளி வெட்ட ஒன்று. பனிச்சறுக்குக்கு ஒன்று. படகுக்கு மட்டும் இரண்டு. மொய்க்கு ஒன்றும் இல்லை.

"மொய் திரும்பி வர்ற காசு. அதனால முதலீடுன்னு போடுங்க," என்றார் கிறிஸ்துராஜ்.

"திரும்பி வருமான்றது ஆளைப் பொறுத்து கீது சார்," என்றார் உத்தமன்.

ஒரு மணி நேரம் விவாதித்து, படகுத் தலைப்பில் போட்டோம். அதிலும் போட்டதை மீட்பது கடினம் என்று உத்தமன் சொன்னது எல்லாருக்கும் நியாயமாகப் பட்டது. கோயில் காணிக்கை 'கிளப் சந்தா' ஆயிற்று. கருவாட்டின் தலையைப் பக்கத்து வீட்டுப் பூனை தின்பதால் கருவாடு முழுவதும் 'செல்லப்பிராணி'யில் ஏறியது. கறிவேப்பிலையில்தான் சிக்கினோம். காய்கறிக்காரம்மா பொன்னியம்மா அதைச் சும்மா கொடுப்பவர். விலை பூஜ்யம் என்று தட்டினால் மென்பொருள் கூச்சலிட்டது. இனிமேல் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கிக் கணக்கை நேராக்கலாம் என்று கமிட்டி ஒருமனதாகச் சிபாரிசு செய்தது. பொன்னியம்மாவிடம் அதைத் தெரிவித்தபோது, "இன்னாடா ஆச்சு உங்களுக்கு?" என்றார். பதில் கோப்பில் சேர்க்கப்பட்டது.

ஒரு வாரம் வெள்ளோட்டம் விட்டோம். கவர் கிறிஸ்துராஜ் கையில். அந்த வாரம் பார்த்து, அம்பத்தூரில் இருக்கும் அம்மையாரின் தங்கை ஞானகுமாரியின் பெண்ணுக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்கும் விழா. பிள்ளைக்கு ஒரு கவுன் துணி எடுத்துக் கொடுக்க ஞானசௌந்தரி பணம் கேட்டார். கரண்ட் இல்லை. கரண்ட் வந்தபின் தேடினோம். 'தங்கச்சி' என்ற தலைப்பு மென்பொருளிலேயே இல்லை.

"பனிச்சறுக்குல போட்டுக் குடுத்துடலாமே சார்," என்று நான்கூடச் சொன்னேன்.

"ஆவடியில ஏது பனி? பொய்க் கணக்கு எழுத மாட்டேன்," என்றார் தலைவர். நேர்மை என்றால் அது நேர்மை.

விழாவுக்குப் போய்விட்டு அம்மையார் சாயங்காலம் திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது.

"வெறுங்கையோட போய் நின்னேண்ணே. பெரியம்மான்னு அந்தப் பிள்ளை ஓடி வருது. என் மானமே போச்சு," என்றார் என்னிடம். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் கடமையை மறக்காமல், 'வெள்ளோட்டம் வெற்றி. செலவு குறைந்துள்ளது' என்று குறித்துக்கொண்டேன்.

அடுத்தது கொள்முதல். மூன்று கொட்டேஷன் வேண்டும். சத்தியராஜ் இரண்டு கவர் நீட்டினார்.

"ஒண்ணு நம்ம கடை. இன்னொண்ணு மச்சான் கடை. மூணாவது லெட்டர்பேடு அச்சுக்குப் போயிகீது அண்ணாத்தே."

"மூணு இல்லாம நான் திறக்கவே மாட்டேன்," என்று எழுந்துவிட்டார் கிறிஸ்துராஜ்.

அப்போதுதான் உத்தமனுக்கு அந்த யோசனை உதித்தது. எங்கள் தொழிற்சாலையில் மூன்றாவது ஆள் கிடைக்காதபோது, தெரிந்தவர் யாரிடமாவது ஒப்புக்கு ஒரு கொட்டேஷன் வாங்கிச் சேர்ப்பது வழக்கம். கூடுதல் விலை போட்டுத் தோற்றுக் கொடுப்பார்கள். புனிதமான வழக்கம். அது இல்லாவிட்டால் நாட்டில் ஒரு வேலையும் நடக்காது.

"ஊட்லயே அண்ணி கீறாங்களே சார். இத்தினி நாள் கணக்கு பாத்தது அவங்கதான? அவங்க பேர்ல ஒண்ணு வாங்கிக்கலாம்."

அம்மையாரைக் கூப்பிட்டோம்.

"நான் எதுக்கு தம்பி எழுதணும்?"

"தோக்கறதுக்குத்தான் அண்ணி. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

"தோக்கறதுக்குக்கூட நானே எழுதிக் குடுக்கணுமா?"

"ஆமாம். ரூல்," என்றார் கணவர்.

ஞானசௌந்தரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"யாரு கம்மியா போடறாங்களோ அவங்களுக்குத்தான் வேலையா?"

"அதான் சட்டம். அதை யாராலயும் மாத்த முடியாது," என்றார் கிறிஸ்துராஜ் பெருமையாக.

"சரி. கவர் ஒண்ணு குடுங்க," என்றார் அம்மையார்.

டெண்டர் நிபந்தனைகளை உத்தமன் எழுதினார். கலந்துகொள்பவர்கள் டெபாசிட் கட்ட வேண்டும். தோற்றவர்களுக்கு அந்த இடத்திலேயே திருப்பித் தரப்படும். ஜெயித்தவரின் டெபாசிட் வேலை முடியும்வரை வைத்துக்கொள்ளப்படும். டெண்டர் திறந்த பிறகு எந்தக் கேள்வியும் ஏற்கப்படாது. தொழிற்சாலைத் தாளிலிருந்து வரி பிசகாமல் எடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கூடினோம். சத்தியராஜ் தன் கைக்கடிகாரத்தையும் மச்சானின் மோதிரத்தையும் டெபாசிட்டாக மேஜைமேல் வைத்தார். கிறிஸ்துராஜ் அரக்கு முத்திரைகளை எங்களிடம் காட்டிவிட்டு உடைத்தார்.

முதல் கவர்: இரண்டாயிரத்து நானூறு ரூபாய். இரண்டாவது: இரண்டாயிரத்து நூறு, வருடாவருடம் பராமரிப்பு தனி. மூன்றாவதைப் பிரித்தார். படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் தள்ளினார். நான் உரக்கப் படித்தேன்.

"கட்டணம்: ஒன்றும் வேண்டாம். நிபந்தனை: முதல் தேதி சம்பளக் கவர் பிரிக்காமல் என்னிடம் வர வேண்டும். கரண்ட் இல்லாத நேரத்திலும் வேலை செய்யப்படும். கறிவேப்பிலைக்குக் காசு கிடையாது."

கிறிஸ்துராஜ் தாளை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"ஐயோ, இது செல்லாது!" என்றார் கிறிஸ்துராஜ். "முன் அனுபவம் வேணும். சர்டிஃபிகேட் எங்க?"

"இருபது வருஷமா உங்க வீட்லதான வேலை பாத்தேன்? நீங்கதான் குடுக்கணும்," என்றார் அம்மையார்.

"நான் குடுக்க மாட்டேன்."

"அப்படின்னா சரியில்லாத ஆளுக்கு இருபது வருஷம் எப்படி சார் வேலை குடுத்தீங்கன்னு உங்களையே கேப்பாங்க," என்றார் உத்தமன். கிறிஸ்துராஜுக்கு வியர்த்துவிட்டது. அவர் பயந்த ஆடிட் கடைசியில் வந்தேவிட்டது, அதுவும் பூந்தமல்லி பஸ்ஸில்!

"டெபாசிட்?" என்றார் தலைவர் ஈனக் குரலில். "டெபாசிட் கட்டலையே?"

"பேங்குல இருக்கே, என் நாலு வளையல். உங்க கம்ப்யூட்டர் பெட்டிக்காக வெச்சதுதான? அதையே வெச்சுக்குங்க."

உத்தமன் நிபந்தனைத் தாளைப் புரட்டினார். தங்கம் செல்லும். அளவுக்கு மேலேயே இருந்தது. மிகக் குறைந்த விலை, போதுமான டெபாசிட், நேரடி அனுபவம். நிராகரிக்க ஒரு புள்ளிகூடக் கிடைக்கவில்லை. கிறிஸ்துராஜ் சிவப்புப் பேனாவை எடுத்து மனைவியின் பெயரைச் சுழித்தார். கையெழுத்தும் போட்டார்! விதிக்கு முன்னால் கணவன் என்ன, மனைவி என்ன?

சம்பளக் கவர் ஞானசௌந்தரியிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். பல நாளுக்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

சத்தியராஜ் தோற்றுவிட்டதால் கடிகாரமும் மோதிரமும் அந்த இடத்திலேயே திருப்பித் தரப்பட்டன. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

"அப்பாடா! கிறிஸ்துமஸுக்குள்ள கவர்ல மிச்சம் புடிச்சு என் வளையலையும் மீட்டுடுவேன்," என்றார் ஞானசௌந்தரி.

உத்தமன் தலையைச் சொறிந்தார்.

"அது முடியாதே அண்ணி. இப்ப அது உங்க வளையல் இல்ல. டெபாசிட். அதுல கை வெச்சா டெண்டர் ரத்து. கவரைத் திருப்பிக் குடுத்துடணும்."

"என்ன தம்பி சொல்றீங்க? எப்பத்தான் திரும்பி வரும்?"

"வேலை முடிஞ்ச பிறகு."

"வீட்டுக் கணக்கு எப்ப முடியும்?"

உத்தமன் தாளின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

"குடித்தனம் முடியற அன்னிக்கு," என்றார் கிறிஸ்துராஜ். தாம் சொன்னது அவருக்கே சரியாகப் பட்டிருக்க வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நல்ல வேளை, நான் தோத்துட்டேன்," என்று கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே சொன்னார் சத்தியராஜ்.

ஞானசௌந்தரி என்னைப் பார்த்தார். "ஏண்ணே, காசு வாங்காம, ஒழுங்கா வேலை செய்யறேன்னு எழுதிக் குடுத்தேன். தோத்தவனுக்குப் பொருள் உடனே கைக்கு வருது. எனக்கு மட்டும் குடித்தனம் முடிஞ்சாத்தானா? இது நியாயமா?"

அது கேள்வி. டெண்டர் திறந்த பிறகு வந்த கேள்வி. எனவே ஏற்கப்படவில்லை. அவர் போட்டு வைத்திருந்த காபியைக் குடித்துவிட்டு, மினிட்ஸில் கையெழுத்திட்டுக் கமிட்டி கலைந்தது.

ஒன்று மட்டும் மார்தட்டிச் சொல்வேன். மூன்று ஆண்கள் கூடி ஒரு பெண்ணை முறைப்படி, அரக்கு முத்திரை வைத்து, கையெழுத்துப் போட்டு ஏமாற்றியது அந்தக் குவார்ட்டர்ஸ் வரலாற்றிலேயே அதுதான் முதல் தடவை. அதற்கு முன்னால் இருபது வருடமும் எந்த விதிமுறையும் இல்லாமல்தான் நடந்துகொண்டிருந்தது.